தகரக் கூரையும் நில அளவும்

நிலத்தின் எல்லைகளைச் செயற்கைக் கோள்களின் துணையால் அளக்கும் முறை இப்பொழுது பெரிதும் வழக்கத்திற்கு வந்துள்ளது. திறந்த வயலில் உயர்தரக் கருவி ஓரிரு சென்டிமீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். அதே கருவியைத் தகரக் கொட்டகையை அடுத்துள்ள எல்லைக் கல்லின்மீது நிறுத்தினால், காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் வருதல் உண்டு. அதுகொண்டு, அண்டை நிலத்தார் கல்லைப் பெயர்த்து நட்டனரென்று ஐயுறுதல் தகாது.

ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. அலை வந்துசேரப் பிடித்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. தகரத்தில் பட்டுத் திரும்பிய அலையும் நேரலையோடு கலந்தால், அது சுற்றுவழியாய் வந்ததாகையால் கணக்குப் பிறழும். சாதாரணக் கருவிகளில் இப்பிழை சில மீட்டர் வரையிற்கூடப் போகும்.

இதனைக் குறைப்பதில் அலையை வாங்கும் ஆண்டெனாவுக்குப் பெரும் பங்குண்டு. கோள் அனுப்பும் அலை வலமாகச் சுழன்று வருவது. உலோகத்தில் மோதித் திரும்புகையில் பெரும்பாலும் இடச் சுழற்சியாய் மாறிவிடும். நல்ல ஆண்டெனா வலத்தை ஏற்று இடத்தைத் தள்ளும்படி அமைந்திருக்கும். கைப்பேசியின் சிறு ஆண்டெனாவுக்கு இவ்வேறுபாடு தெரியாது. அதைக் கொண்டு வரப்பு வழக்கைத் தீர்க்க முனைவது வீண்.

தரையிலிருந்தும் நீர் நின்ற வயலிலிருந்தும் எழும் அலைகளை மறிக்க ஆண்டெனாவின் அடியில் உலோகத் தட்டு வைப்பதுண்டு. ஆயினும் அலை தட்டின் விளிம்பைச் சுற்றி மேலேறிவிடும். இதற்கு மாற்றாக, 1980-களில் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தார் வளையத் தட்டொன்றை அமைத்தனர். ஒன்றினுள் ஒன்றாக வட்டச் சுவர்களும், அவற்றிடையே அலைநீளத்தின் கால் பங்கை ஒட்டிய ஆழமுள்ள பள்ளங்களும் அதில் உண்டு. விளிம்பேறி வரும் அலை அப்பள்ளங்களால் தடைப்பட்டு வலுவிழக்கும். குறுக்களவு ஏறக்குறைய 38 சென்டிமீட்டர், பாரமும் மிகுதி. ஆதலால் நிரந்தர நிலையங்களுக்கே அது ஏற்றது, வயல்தோறும் சுமப்பதற்கன்று.

உயர்ந்த சுவரிலோ கூரையிலோ பட்டு மேலிருந்து இறங்கும் எதிரலையை இத்தகைய தட்டு தடுக்காது. அவ்விடங்களில், சற்றுத் தள்ளித் திறந்த வெளியில் இரண்டு குறிகளைக் கருவியால் நிறுவி, அவற்றிலிருந்து கல்லுக்கு நாடா பிடித்து அளப்பதே நலம். கோள்கள் நகர்வதால் எதிரலை வரும் கோணமும் மாறும். எனவே சில மணி நேரம் கழித்து மறுமுறையும் குறிகளை அளந்து ஒப்பிடல் வேண்டும். இரண்டும் ஒவ்வாவிடில், கிராம அதிகாரிகள் அவ்வளவைக் கணக்கில் ஏற்றலாகாது.