சேற்றுப்புண்ணைப் பார்த்தீர்களா, டாக்டர்?

கும்பகோணம் என்றால் வெற்றிலை, டிகிரி காபி. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அந்தப் பட்டியலில் யானைக்காலும் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணாடித் துண்டும் ஊசியுமாக வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் போன சுகாதாரப் பணியாளர்களை டெல்டாவில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் வெளிப்புற ரத்த ஓட்டத்துக்கு வரும் என்பதால் அந்த ராத்திரி வேலை.

இந்த நோய்க்கு வயலைக் குறை சொல்வது தவறு. பரப்புகிற க்யூலெக்ஸ் கொசு நெல் வயலைவிடச் சாக்கடையையும் தேங்கிய கழிவுநீரையும்தான் நாடும். காரைக்காலில் 1980களில் புழுவைக் கொல்லும் டிஇசி மருந்து கலந்த உப்பையே மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; நல்ல பலன் கிடைத்தது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. இன்று புதிதாகத் தொற்றுவது பெருமளவு அடங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே வீங்கிய கால் வீங்கியபடியே இருக்கிறது. புழு செத்தாலும், அது கெடுத்து வைத்த நிணநீர்க் குழாய்கள் பழையபடி ஆவதில்லை. அந்தக் கால்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் மருத்துவ உலகம் பல காலம் தடுமாறியது.

அந்தத் தேடலில் தஞ்சாவூருக்கும் பங்கு உண்டு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் எஸ். ஜமால், தொடையிடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுவைப் பக்கத்துச் சிரையோடு இணைத்து, தேங்கிய நீருக்கு மாற்று வழி வெட்டினார். 1981இல் சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் அது வெளியானது. அடைத்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் புது வடிகால் வெட்டுகிற யோசனைதான். 1989இல் அவரே ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான கேஸ்லி-ஸ்மித் தம்பதியுடன் சேர்ந்து கூமரின் என்ற மருந்தைச் சோதித்தார். வீக்கம் வடிந்தது, நம்பிக்கையும் வந்தது. பிறகு சிலருக்குக் கல்லீரல் கெட்டது தெரியவர, 1990களின் நடுவில் ஆஸ்திரேலியாவே அந்த மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது.

அடுத்த நம்பிக்கை டாக்ஸிசைக்ளின். யானைக்கால் புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அதைக் கொன்றால் புழு மலடாகும், மெல்லச் சாகும். 2012இல் கானா நாட்டிலிருந்து வந்த ஆய்வு, புழு இல்லாதவர்களுக்குக்கூட ஆறு வாரம் இந்த மாத்திரை கொடுத்தால் கால் தேறுவதாகச் சொன்னது. ஊருக்கு ஊர் மருந்துக்கடையில் கிடைக்கிற மலிவான மாத்திரை! யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசைப்பட்டால் போதாது, சரிபார்க்க வேண்டுமே. கானா, மாலி, இந்தியா ஆகிய நாடுகளில் பெரிய அளவில் மறுபடி சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நிஜ மாத்திரை, மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று மட்டும் முறையாகச் சொல்லித்தரப்பட்டது: காலைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைப்பது. இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, 2024இல் முடிவுகள் வெளிவந்தபோது மாத்திரைக்கும் போலிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் இரு தரப்பினர் காலும் முன்பைவிடத் தேறியிருந்தது. மாத்திரை தோற்ற ஆய்வு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. சோப்பு ஜெயித்த ஆய்வு என்றே நான் படிக்கிறேன்.

காரணத்தை 1990களிலேயே பிரேசிலின் ரெசிஃபே நகர மருத்துவர் ஜெருசா டிரேயர் கண்டு சொல்லியிருந்தார். கால் மேலும் மேலும் பருப்பதற்கு முக்கியக் காரணம் அடிக்கடி வரும் காய்ச்சல். நம்மூரில் "நெறி கட்டிடுச்சு" என்று வருகிறார்களே, அதுதான்: தொடையிடுக்கில் கட்டி, குளிர் நடுக்கம், காலில் நெருப்பாய் எரிச்சல். அதற்கும் புழுவுக்கும் அநேகமாக நேரடித் தொடர்பில்லை. தோல் வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியாவின் வேலை அது. ஒவ்வொரு முறை வரும்போதும் நிணநீர்க் குழாய் இன்னும் கொஞ்சம் கெடும், கால் இன்னும் ஒரு சுற்று பருக்கும்.

அந்த வெடிப்பு எங்கே? டெல்டாவில் கேட்க வேண்டியதே இல்லை. நடவுக் காலத்தில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற பெண்ணின் நான்காம், ஐந்தாம் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். தோல் வெள்ளையாக ஊறி, நடுவில் சிவப்பாகக் கீறியிருக்கும். வீங்கிய காலில் விரல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே காற்றே போகாது. பூஞ்சை சுகமாக வளரும். அந்தச் சேற்றுப்புண்தான் வாசல். மற்றவர்களுக்கு அரிப்போடு போகிற புண், யானைக்கால் உள்ளவருக்குப் பல நாள் படுக்கை, பல நாள் கூலி நஷ்டம்.

எனவே டெல்டாவில் புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெறி கட்டிக் காய்ச்சலோடு வருகிறவருக்குக் கை பழக்கத்தில் டிஇசி எழுதாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை ஆன்டிபயாடிக், ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல், ஈரத்துணி ஒத்தடம். காய்ச்சல் தணிந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கைப் பாருங்கள். பூஞ்சைக்குக் களிம்பு எழுதுங்கள். நேரமில்லை என்பது நியாயமான பதில்தான். செவிலியர் ஒருமுறை கழுவிக் காட்டினாலும் போதும்.

வீட்டில் யானைக்கால் உள்ளவர்கள் இருந்தால்: தினமும் ராத்திரி சாதாரணத் தண்ணீரும் சோப்பும் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். விரலிடுக்கை ஒற்றி ஒற்றி உலர்த்தி, களிம்பு தடவி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கச் செய்யுங்கள். பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு எல்லாம் அடங்கிய பராமரிப்புப் பெட்டியை அரசே இலவசமாகத் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.