படச்சஞ்சிகையும் முன்னோட்டப் பிரதியும்

தாம் எடுத்த நிழற்படங்களைத் தாமே சிறு சஞ்சிகையாக வெளியிட விழையும் மாணவர் இன்று பலர். அமெரிக்க ஓவியர் எட் ருஷே, இருபத்தாறு பெற்றோல் நிலையங்களின் படங்களை 1963இல் 400 பிரதிகளாகத் தாமே நூலாக்கியமை இத்தகைய முயற்சிகளுக்கு முன்னோடியெனலாம்.

நடுவே கம்பி தைக்கும் சஞ்சிகையின் பக்கத்தொகை நான்கால் வகுபடல் வேண்டும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கமன்றோ! 16 பக்கமாயின், எதிரெதிரே விரியும் உட்பக்கங்களுள் நடுவிலுள்ள 8உம் 9உம் மாத்திரமே ஒரே தாளில் இணைந்து நிற்பன. ஏனையவற்றிற் பரந்த படம் மடிப்பிற் பிளவுண்டு விலகும். இதனை அறியாது எனது பாட்டியாரின் முகத்தை 4ஆம், 5ஆம் பக்கங்களுக்குப் பகிர்ந்தளித்தேன். அச்சிட்ட 50 பிரதிகளிலும் ஒரு கண் மற்றையதினும் மேலேறி நின்றது!

கணினித் திரை தானே ஒளிர்வது. தாளோ தன்மீது விழும் ஒளியைத் திருப்பியனுப்புவது. ஆதலால் திரையில் தெளிவாய்த் தோன்றிய நிழற்பகுதிகள் அச்சிற் கருந்திட்டாகின்றன. மினுக்கமற்ற தாளில் மை ஊறுவதால் நுண்வேறுபாடுகள் மேலும் மறையும். எனவே சஞ்சிகைக்கென வாங்கிய அதே தாளில், அதே இயந்திரத்தில், மிக இருண்ட படத்தையே முதலில் அச்சிட்டுப் பகலொளியில் நோக்குக. பின்னர் வேண்டியவாறு ஒளி கூட்டி, ஒரு முழுப் பிரதியை மடித்துத் தைத்துப் புரட்டிப் பார்க்குக.

இரண்டாம் பதிப்பிலே பாட்டியார் நடுப்பக்கத்தில் வீற்றிருக்கின்றார்.