மழை விட்ட மறுநாள்

பறவை பார்க்கக் கிளம்பும் குழுக்கள் இப்போது நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. காளான் பார்க்கக் கிளம்பும் குழுக்கள் குறைவு. முன்கூட்டியே நாள் குறிக்க முடியாது என்பது அதற்கு ஒரு காரணம். ஏரிக்கு வலசை வரும் வாத்துகளைப் பார்க்க மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்போதே முடிவுசெய்து வைக்கலாம். காளானுக்கு நாள் குறிப்பது மழை. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டி, அடுத்த நாள் லேசாக வெளுத்தால் உடனே போய்விட வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அழுகிக் கறுத்த கூழ்தான் மிஞ்சும். ஆகவே தொலைவிலிருந்து வண்டி பிடித்து வரும் நிபுணரைவிட, காலையில் எழுந்து நடந்தே போய்விடக்கூடிய பக்கத்துத் தெருக்காரருக்குத்தான் காளான் அதிகம் காட்சி தரும். உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் கூடிச் செய்யக்கூடிய வேலைகளில் வேறு எவராலும் செய்ய முடியாதது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு வட்டாரத்தில் 1851-இல் தொடங்கிய ஊல்ஹோப் இயற்கை ஆர்வலர் குழு, ஹென்றி புல் என்ற மருத்துவரின் முயற்சியால் 1868-இல் காளான் உலா ஒன்றை நடத்தியது. இலையுதிர் காலந்தோறும் அது தொடர்ந்தது. மற்ற வட்டாரங்களுக்கும் அந்தப் பழக்கம் பரவியது. 1896-இல் யார்க்‌ஷயரின் செல்பி என்ற ஊரில் அப்படி ஓர் உலாவுக்காகக் கூடியவர்கள்தாம் பிரிட்டிஷ் பூஞ்சையியல் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். கூடையோடு காட்டுக்குப் போனவர்களால் ஓர் அறிவியல் சங்கம் உருவாகியிருக்கிறது.

நம் ஊர் மழைக்கால உலாவில் என்ன பார்க்கலாம்? முதலில் எதைப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். குடை விரித்து நிற்கும் காளான் முழு உயிர் அல்ல. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, அப்படித்தான் பூஞ்சைக்குக் காளான். உண்மையான பூஞ்சை மண்ணுக்குள்ளும் மட்கிய கட்டைக்குள்ளும் நூலைவிட மெல்லிய இழைகளாக ஆண்டு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஈரமும் குளிர்ச்சியும் கூடிவரும்போது அந்த இழைகள் ஓரிடத்தில் திரண்டு, நீரை உறிஞ்சி, ஒரே இரவில் குடையாக எழும்புகின்றன. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைக் கண்டுதான். இடியோடு வரும் மழையே இங்கே வேலை செய்கிறது. பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை, தன் உணவைத் தானே சமைக்கத் தெரியாது. அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின், நண்டின் ஓட்டில் இருக்கும் அதே பொருள். உயிர்களின் குடும்ப மரத்தில் அது செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு.

நம் நிலத்தில் பார்த்தே ஆகவேண்டியது புற்றுக்காளான். புற்றின் மேலோ அதைச் சுற்றியுள்ள தரையிலோ, நடுவில் கூரிய முனையுள்ள குடையோடு நிற்கும். அதைப் பிடுங்காமல் பக்கவாட்டில் மெல்ல மண்ணைத் தோண்டினால், தண்டு வேர்போல நீண்டு கீழே போய்க்கொண்டே இருக்கும். அது போய் முடியும் இடம் கறையான்களின் தோட்டம். கறையான் காய்ந்த இலையையும் கட்டையையும் தின்று, பாதி செரித்த எச்சத்தை அடுக்கி, கடற்பஞ்சு போன்ற மேடைகளாகக் கட்டுகிறது. அதில் பூஞ்சை வளர்கிறது. மரத்தின் கடினமான பகுதியைச் சிதைப்பது கறையானுக்குக் கடினம், பூஞ்சைக்கு எளிது. பதிலுக்குப் பூஞ்சைக்குக் காற்றோட்டமும் ஈரமும் காவலும் உள்ள வீடு கிடைக்கிறது. மேடையில் முளைக்கும் வெள்ளை முத்துகளைக் கறையான்கள் தின்கின்றன. இந்த வேளாண்மை தொடங்கி ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

அப்படியானால் உள்ளேயே சுகமாக இருக்கும் பூஞ்சை எதற்காக இவ்வளவு நீளத் தண்டு விட்டு வெளியே வர வேண்டும்? ஈசலை நினைத்துப் பாருங்கள். மழையில் பறந்து இறகு உதிர்த்த ஈசல் இணை மண்ணுக்குள் புதுக்கூடு தொடங்குகிறது. பெரும்பாலான இனங்களில் அது தாய்க்கூட்டிலிருந்து பூஞ்சையைக் கொண்டுவருவதில்லை. புதுக்கூட்டின் முதல் வேலைக்காரக் கறையான்கள் இரை தேடி வெளியே வரும்போது, காளான்கள் சிந்திய வித்துகளையும் சேர்த்து எடுத்துப் போகின்றன. வெளியே காளான் முளைக்காவிட்டால் புதிய கூட்டுக்குத் தோட்டம் இல்லை.

கூட்டுக்குள் பூஞ்சை இருப்பதை முதலில் எழுதிவைத்த அறிவியலாளர்களில் ஒருவர் நம் மண்ணில் நின்று அதைப் பார்த்தவர். லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1760-களின் இறுதியில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, செடிகளையும் பூச்சிகளையும் தேடி அலைந்தார். கறையான்களைப் பற்றிய அவரது ஜெர்மன் கட்டுரை 1779-இல் வெளியானது. சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1979-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் புற்றுக்காளானில் ஒரு புதிய இனத்தை விவரித்து, டெர்மிட்டோமைசஸ் ஹைமி என்று பெயரிட்டார். காலங்காலமாகக் கூடையில் வைத்து விற்றும் குழம்பு வைத்தும் வந்த காளான்களுக்குள்ளேயே புதிய இனத்துக்கு இடம் இருந்திருக்கிறது.

குனிந்த தலையோடு நடக்கும்போது செடிகளும் கண்ணில் படும். வேலியோரம் செங்காந்தள் கொடி இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி ஏறி நிற்கும். பூ தலைகீழாகத் தொங்க, இதழ்கள் மேல்நோக்கி வளைந்து பச்சையிலிருந்து மஞ்சளாகி, பிறகு சிவக்கும். கோடையில் அதே இடத்துக்குப் போனால் மேலே ஒன்றும் இருக்காது, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மலையடிவாரங்களில் நெர்வீலியா என்ற நிலத்து ஆர்க்கிட் இன்னும் விந்தையானது. முதல் மழைக்குப் பூ மட்டும் வரும். அது வாடிய பிறகு தனியாக ஓர் இலை வரும். ஒருமுறை மட்டும் போய்வருபவர் பாதிச் செடியைத்தான் பார்த்திருப்பார். ஆர்க்கிட்டின் விதை தூசியைப்போல நுண்ணியது, அதில் சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை இழை வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். பூவைப் பார்க்கப் போனாலும் பூஞ்சையிடம்தான் வந்து சேர்வோம்.

உலாவுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைலென்ஸ், நோட்டு, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒட்டிய தாள், ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். குடையைத் தண்டிலிருந்து அறுத்து, செவிள் கீழே இருக்கும்படி தாளின் மேல் வைத்து, தம்ளரைக் கவிழ்த்து மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் வித்துகள் உதிர்ந்து, செவிள்களின் கோடுகள் அப்படியே படிந்திருக்கும். வெள்ளை, பழுப்பு, இளஞ்சிவப்பு, கறுப்பு என்று அந்தத் தூளின் நிறமே அடையாளம் காணும் முதல் படி. புல்வெளிகளில் மழைக்குப் பின் கூட்டமாக எழும் ஒரு பெரிய வெள்ளைக் காளானை இப்படி வைத்தால் தாளில் பச்சை படியும். அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். இளசாக இருக்கையில் செவிள் வெள்ளையாக, பார்க்க நல்ல காளான்போலவே இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் உண்ணலாம், பூச்சி கடித்திருந்தால் நமக்கும் ஆகும் என்ற நம்பிக்கைகள் உயிரை வாங்கக்கூடியவை. சில காளான்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. உலாவில் கண்டதை உலாவில் உண்பதில்லை என்ற கட்டுப்பாடு எல்லாக் குழுக்களுக்கும் வேண்டும்.

படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒரு படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் படத்தை வைத்துப் பெரும்பாலும் எதுவும் சொல்ல முடியாது. செவிள், தண்டின் அடி, வெட்டிய பக்கம், எந்த மரத்தடி அல்லது எந்தச் சாணம், கடைசியாக மழை பெய்த நாள், இவற்றை எழுதிவைத்தால்தான் பதிவு பயன்படும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் சுமார் 1,50,000. மொத்தம் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. பெயரில்லாதவை எல்லாம் தொலைதூரக் காட்டில் மட்டுமே இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

தை பிறந்து தரை காய்ந்ததும் குழுவைக் கலைத்துவிட வேண்டியதில்லை. பட்டுப்போன மாங்கிளையில் விசிறிபோல ஒட்டியிருக்கும் சிறிய சாம்பல்வெள்ளைப் பூஞ்சையைத் தேடுங்கள். ஷிசோஃபில்லம் என்பது அதன் பெயர். வெயிலில் அதன் செவிள்கள் நடுவில் பிளந்து உள்ளே சுருண்டு, செத்த பொருள்போல இருக்கும். அதைக் கிளையோடு எடுத்துத் தண்ணீர் தெளித்து வைத்தால், சிறிது நேரத்தில் மெல்ல விரிந்து மறுபடி வித்துகளை உதிர்க்கத் தொடங்கும். சித்திரை வெயிலிலும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம்.