தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு திமிங்கலம்

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போறவங்க பெரும்பாலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் சரசுவதி மகாலையும் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. அதே வளாகத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இருக்கு. 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. அன்றைக்குத் தரங்கம்பாடி தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். நீளம் 92 அடி என்று குறித்திருக்கிறார்கள். அந்த அளவை எட்டக்கூடிய திமிங்கலம் நீலத்திமிங்கலம்தான்.

இத்தனை பெரிய பிராணிக்குப் பல்லே கிடையாது. மேல்தாடையிலிருந்து சீப்பு மாதிரி வரிசையாகத் தகடுகள் தொங்கும். நம்ம நகமும் முடியும் எதனால் ஆனதோ, அதே கெரட்டின்தான் அந்தத் தகடும். எலும்பு இல்லை என்பதால் பிணம் அழுகும்போது அது உதிர்ந்துவிடும். துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மேல்கை எலும்பு, முன்கை எலும்பு இரண்டு, விரல் எலும்புகள் எல்லாம் இருக்கும். திமிங்கலத்தின் மூதாதைகள் தரையில் நான்கு காலில் நடந்தவை என்பதற்கு அதுவே சாட்சி.

சாப்பிடுற விதமும் விசித்திரம். வாயைப் பிளந்துகொண்டு இறால் கூட்டத்துக்குள் பாயும். தொண்டை மடிப்புகள் விரிந்து தண்ணீரோடு இரையும் உள்ளே போகும். பிறகு தண்ணீரைத் தகடுகள் வழியாக வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சியதை விழுங்கும். ஒரு நாளைக்கு 4 டன் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் சொன்னால் 100 சிப்பம்!

மற்றக் கடல்களில் நீலத்திமிங்கலம் கோடையில் துருவப் பக்கம் போய்த் தின்றுவிட்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்குத் திரும்பும். வட இந்தியப் பெருங்கடலில் இருப்பவை அப்படி இல்லை. வருடம் முழுக்க இந்த வெதுவெதுப்பான கடலிலேயே இருக்கின்றன. இலங்கையின் மிரிஸ்ஸ, திருகோணமலைப் பக்கம் கரையிலிருந்து படகில் போயே பார்க்கலாம். இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் குழுவினர் அங்கே திமிங்கலக் கழிவை மரபணுச் சோதனை செய்தபோது, முக்கிய உணவு செர்ஜெஸ்டிட் வகைச் சிற்றிறால் என்று தெரிந்தது. நம்ம கடலோரச் சந்தையில் காயவைத்து விற்கிற கூனி இறாலும் அந்த வகையறாதான். ஆக, இது அண்டார்டிகாவிலிருந்து வழிதவறி வந்த விருந்தாளி இல்லை, இந்தக் கடலையே வீடாகக் கொண்டது.

வீடு இதுதான் என்பதால் ஆபத்தும் இங்கேதான். 1960களில் சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் 1,200க்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களை வேட்டையாடின. மறைத்து வைத்த அந்தக் கணக்கு வெளியே வந்தது 1990களில். இப்போது வேட்டை இல்லை, கப்பல் மோதல் இருக்கிறது. இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகும் கப்பல் பாதை உலகின் மிக நெரிசலான பாதைகளில் ஒன்று. திமிங்கலங்கள் மேயும் இடத்தின் நடுவிலேயே அது போகிறது.

பெண் திமிங்கலம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். கர்ப்பகாலமே பத்துப் பன்னிரண்டு மாதம். ஒன்று செத்தால் ஈடுகட்ட ரொம்பக் காலம் பிடிக்கும். தீர்வு ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை: பாதையைத் தெற்கே தள்ளினால் போதும். 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை அங்கே சுமார் 15 கடல் மைல் தள்ளி ஓட்டத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தால் முடிந்தது மற்றவர்களாலும் முடியும்.