அடுக்களையும் வீட்டு நாயும்

காவலுக்கென நாம் வளர்க்கும் நாய் அடுக்களையில் நுழைந்து, ஆற வைத்த பாலையோ மூடாத சட்டியிலுள்ள மீனையோ உண்டுவிட்டால், அதனைத் திருட்டு என்று சினந்து கொள்கிறோம். நாய்க்கோ அது திருட்டன்று. எட்டிய இடத்தில் கிடைத்த இரை.

இப்பழக்கத்தால் உணவு மட்டும் வீணாவதில்லை. நாயின் உயிருக்கும் கேடு நேரலாம். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திற்கென எடுத்து வைத்த உலர்ந்த திராட்சை சிறு அளவிலேயே சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லேட்டும் நஞ்சே. வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக் கூடும். இவற்றை நாய் தின்றுவிட்டால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை நாடவேண்டும்.

பூனைகளையும் நாய்களையும் கூண்டிலிட்டு ஆராய்ந்த அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்டு தார்ன்டைக், பயன் தரும் செயலையே பிராணி மீண்டும் செய்கிறது என்பதை 1898ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். பத்து முறை ஏமாந்து ஒரு முறை மட்டும் துண்டு கிடைத்தாலும் நாய் தன் முயற்சியைக் கைவிடாது. எப்போதேனும் கிடைக்கும் பரிசே பழக்கத்தை ஆழ வேரூன்றச் செய்கிறது. எனவே பாத்திரங்களை மூடுவதும், அலமாரியை அடைப்பதும், குப்பைக் கூடையை எட்டாத இடத்தில் வைப்பதும் முதற் கடமையாகும்.

உண்டபின் அடிப்பதால் பயனில்லை. "செய்த குற்றம் அதன் முகத்திலேயே தெரிகிறதே!" என்பார் உளர். அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வோ வேறு உண்மையைக் காட்டியது. உணவைத் தொடாத நாயும், உரிமையாளர் கடிந்தபோது அதே முகத்தைக் காட்டியது. நாம் காண்பது குற்ற உணர்வன்று. நமது சினத்திற்கு அது காட்டும் எதிர்வினையே. அடிபட்ட நாய், நாம் இல்லாத வேளை பார்த்து உண்ணக் கற்றுக்கொள்ளும்.

பின் செய்யத்தக்கது யாது? அடுக்களை வாயிலுக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து, நாய் அதன்மீது படுத்தவுடன் சிறு துண்டு உணவை அங்கேயே கொடுங்கள். முதலில் சில நொடிகள், பிறகு சில நிமிடங்கள் என்று நேரத்தை நீட்டுங்கள். அது நிலைத்த பின்னர், நீங்கள் உள்ளே சென்று பாத்திரங்களை எடுத்து வைக்கும்போதும் அது அங்கேயே இருக்கப் பழக்குங்கள். நாள்தோறும் குறித்த வேளையில் வயிறார உணவிடுங்கள். வழக்கத்திற்கு மாறாகத் திடீரெனப் பெரும்பசி கண்டால், அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்விதியை வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருங்கே கைக்கொள்ள வேண்டும். தந்தை விலக்கியதைப் பாட்டி இரக்கத்தால் மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், நாய் பாட்டியின் பாடத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும்.