பழைய மடிக்கணினியில் வரைகலை இயக்கிச் செயலிழப்பு

வரைகலை இயக்கி (கிராஃபிக்ஸ் டிரைவர்) என்பது கணினியின் இயக்கு தளத்துக்கும் திரைக் காட்சியை உருவாக்கும் வரைகலைச் சில்லுக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தும் மென்பொருளாகும். இம்மென்பொருள் இடையிலேயே முடங்கிவிடுவது வரைகலை இயக்கிச் செயலிழப்பு எனப்படும். பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓடிய மடிக்கணினியில் இயக்கு தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் திரை கறுத்துப்போவது, படம் உறைந்து நிற்பது, கணினி தானாக மீண்டும் தொடங்குவது ஆகியவை இதன் பொதுவான வெளிப்பாடுகள்.

இந்நிலையில் கணினியே பழுதாகிவிட்டது என்று கருதி அதை ஒதுக்கிவிடுவோரும், வட்டை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவிக் கோப்புகளை இழப்போரும் உண்டு. மேம்படுத்தலுக்கு மறுநாளே தொடங்கிய சிக்கல் பெரும்பாலும் சில்லின் பழுதால் வருவதில்லை. சில்லு, இயக்கி, இயக்கு தளம் ஆகிய மூன்றுக்கும் இடையே இருந்த பொருத்தம் கலைந்ததே காரணமாக இருக்கும். பொருத்தம் எந்த இடத்தில் கலைந்தது என்று கண்டறிவதே பழுதுநீக்கலின் முதற்பணி.

இயக்கி செயல்படும் விதம்

ஒரு நிரல் சாளரத்தை வரையவோ நிகழ்படத்தை ஓட்டவோ விரும்பினால், சில்லிடம் நேரடியாகப் பேசுவதில்லை. அதன் கோரிக்கையை இயக்கு தளம் பெற்று இயக்கியிடம் தருகிறது. இயக்கி அதைக் குறிப்பிட்ட சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. ஆகவே இயக்கி ஒரு பக்கம் சில்லின் தலைமுறையோடும் மறுபக்கம் இயக்கு தளத்தின் பதிப்போடும் பொருந்தியிருக்க வேண்டும்.

விண்டோஸ் விஸ்டா முதல் இப்பொருத்தத்துக்கு ஒரு மாதிரி வரையறுக்கப்பட்டுள்ளது. விஸ்டாவில் 1.0 என்று இருந்த அதன் பதிப்பு விண்டோஸ் 7-இல் 1.1, விண்டோஸ் 8-இல் 1.2, விண்டோஸ் 8.1-இல் 1.3, விண்டோஸ் 10-இல் 2.0 என வளர்ந்தது. விண்டோஸ் 10 பழைய மாதிரி இயக்கிகளையும் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 11-இன் குறைந்தபட்சத் தேவைகளில் 2.0 மாதிரி இயக்கியும் ஒன்று.

மேம்படுத்தலுக்குப் பின் செயலிழக்கக் காரணங்கள்

முதற்காரணம், தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தியிருப்பது. 2011-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் செயலிகளில் உள்ள எச்டி 3000 வரைகலைக்கு இன்டெல் விண்டோஸ் 10 ஆதரவு அளிக்கவில்லை. அடுத்த தலைமுறையின் எச்டி 4000-க்கு அளித்தது. ஓராண்டு இடைவெளியில் வாங்கிய இரு மடிக்கணினிகள் ஒரே மேம்படுத்தலுக்குப் பின் வெவ்வேறாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஏஎம்டி நிறுவனம் ரேடியான் எச்டி 5000, 6000 வரிசைகளை 2015 நவம்பரில் மரபுப் பட்டியலுக்கு மாற்றியது. என்விடியா தன் ஃபெர்மி வகைச் சில்லுகளுக்கு விண்டோசில் வழக்கமான புதிய இயக்கிகள் வெளியிடுவதை 2018-இல் நிறுத்தியது.

இரண்டாவது, தானியங்கு மாற்றம். மேம்படுத்தலின்போது இயக்கு தளம் தன் களஞ்சியத்திலுள்ள பொதுவான இயக்கியை நிறுவிவிடும். மடிக்கணினி நிறுவனம் தன் திரை, ஒளியளவு, மின்சேமிப்பு அமைப்புகளுக்கு ஏற்பச் சீரமைத்துத் தந்த இயக்கி அதனால் நீங்கிவிடலாம்.

மூன்றாவது, இரட்டை வரைகலை. 2010-இல் என்விடியா அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் முறையில், எளிய வேலைகளை இன்டெல் வரைகலையும் கடினமானவற்றைத் தனிச் சில்லும் செய்கின்றன. இவ்வகைக் கணினியில் இரு இயக்கிகள் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டால் சில்லு மாறும் நொடியில் திரை முடங்கக்கூடும்.

நான்காவது, லினக்சுக்கு உரியது. கெர்னல் எனப்படும் கருனி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் என்விடியாவின் தனியுரிம இயக்கிக்கான கூறும் அக்கருனிக்கு ஏற்ப மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். புதிய கருனியின் உள்ளமைப்பு மாறியிருந்தால் பழைய இயக்கி தொகுபடாது; கணினி வரைகலை இன்றி நிற்கும்.

வன்பொருளா, இயக்கியா?

கீழ்க்கண்ட சோதனைகள் எதையும் அழிப்பதில்லை. ஆகவே இவற்றை முதலில் செய்வது நல்லது.

1. பயாஸ் திரை: கணினியைத் தொடங்கும்போது பயாஸ் அமைப்புத் திரைக்குள் சென்று சில நிமிடங்கள் பார்க்கவும். அப்போது இயக்கு தளத்தின் இயக்கி ஏற்றப்பட்டிருக்காது. அங்கேயே கோடுகளும் நிறச் சிதறல்களும் தெரிந்தால் சில்லு, திரை, திரைக் கம்பி ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம்.

2. வெளித்திரை: வேறொரு திரையை இணைத்துப் பார்க்கவும். வெளித்திரையில் படம் தெளிவாகவும் மடிக்கணினியின் திரையில் மட்டும் குறையாகவும் இருந்தால் இயக்கியைக் குறைகூற இடமில்லை.

3. நேரடி லினக்ஸ்: யூஎஸ்பி நினைவியிலிருந்து, நிறுவாமலேயே லினக்சை ஓட்டி அரைமணி நேரம் நிகழ்படம் பார்க்கவும். அதில் தடங்கல் இல்லையெனில் வன்பொருள் நலமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. வெப்பம்: தொடங்கிய உடனே செயலிழந்தால் இயக்கியையும், இருபது முப்பது நிமிடம் கழித்துச் சூடானபின் செயலிழந்தால் விசிறித் தூசியையும் உலர்ந்த வெப்பப் பசையையும் சந்தேகிக்கலாம்.

உண்மையிலேயே சில்லு கெடுவதும் உண்டு. தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில், உறையமைப்புப் பொருளின் குறையால் வழக்கத்தைவிட அதிகப் பழுதுகள் ஏற்படுவதாக என்விடியா 2008 ஜூலையில் அறிவித்து, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அத்தகைய பழுதை எந்த இயக்கியாலும் சரிசெய்ய இயலாது.

விண்டோசில் பழுதுநீக்கல்

விண்டோஸ், வரைகலைச் சில்லு இயல்பாக 2 நொடிகளுக்குள் பதிலளிக்காவிட்டால் இயக்கியை மீட்டமைக்கிறது. திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புவது இதனால்தான். இந்நிகழ்வு, நிகழ்வுப் பார்வையாளரில் (ஈவன்ட் வியூவர்) சிஸ்டம் பதிவின் கீழ் 4101 என்ற எண்ணுடன் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால் நீலத்திரை தோன்றிக் கணினி நின்றுவிடும். பதிவில் 4101 தொடர்ந்து காணப்பட்டால் சிக்கல் வரைகலைப் பகுதியில் இருப்பது உறுதியாகிறது. அது இயக்கியா சில்லா என்பதை மேற்கண்ட சோதனைகளே சொல்லும்.

திரை உறைந்து நிற்கும்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் ஆங்கில பி எழுத்தை அழுத்தினால் இயக்கி மீட்டமைக்கப்படும். சேமிக்காத வேலையைக் காப்பாற்ற இது உதவலாம். நிலையான தீர்வுக்குப் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. முதலில் கோப்புகளை வெளிவட்டில் படியெடுக்கவும். வட்டு பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்தால் மீட்புக் குறியீட்டைக் குறித்து வைக்கவும். சில வேளை பாதுகாப்பு முறைக்குச் செல்லும்போது அது கேட்கப்படும்.

2. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, பாதுகாப்பு முறைக்கு (சேஃப் மோட்) செல்லவும். அங்கு தயாரிப்பாளரின் இயக்கி ஏற்றப்படுவதில்லை. செயலிழப்பு அங்கே நேராவிட்டால் ஐயம் இயக்கியின்மேல் வலுக்கிறது.

3. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, சில்லின் பண்புகளில் டிரைவர் தாவலிலுள்ள ரோல் பேக் டிரைவர் என்பதை அழுத்தவும். பழைய இயக்கி சேமிக்கப்படாதிருந்தால் அப்பொத்தான் மங்கலாக இருக்கும்.

4. அவ்வாறெனில், மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் மாதிரி எண்ணைக் கொண்டு கடைசி இயக்கியைத் தேடிப் பதிவிறக்கவும். இணைய இணைப்பைத் துண்டித்து, தற்போதைய இயக்கியை நீக்கிய பின் அதை நிறுவவும். இணைப்பு இருந்தால், நீக்கிய இயக்கியையே விண்டோஸ் மீண்டும் கொண்டுவந்துவிடக்கூடும்.

5. இரட்டை வரைகலைக் கணினியில் தனிச் சில்லை மட்டும் டிவைஸ் மேனேஜரில் முடக்கிப் பார்க்கவும். கணினி நிலைத்து ஓடினால் சிக்கல் எந்தப் பக்கம் என்பது விளங்கும். படிப்பு, எழுத்து, இணையம் போன்றவற்றுக்கு இன்டெல் வரைகலையே போதுமானது.

6. எதுவும் பயன்தராவிட்டால், விண்டோஸ் 10 அல்லது 11-க்கு மேம்படுத்திய 10 நாள்களுக்குள் அமைப்புகளின் ரெகவரி பகுதியிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்பலாம். விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையை அதுவரை அழிக்கக்கூடாது.

லினக்சில் பழுதுநீக்கல்

லினக்ஸ் வழங்கல்கள் பலவும் புதிய கருனியை நிறுவும்போது பழையதையும் விட்டுவைக்கின்றன. உபுண்டுவில் தொடக்கத்தின்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் கிரப் பட்டியல் தோன்றும். அதில் கூடுதல் விருப்பங்களுக்குள் சென்று முந்தைய கருனியைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் கணினி சரியாக இயங்கினால், குற்றவாளி புதிய கருனியுடன் பொருந்தாத இயக்கியே எனக் கொள்ளலாம்.

திரை முற்றிலும் கறுத்திருந்தால், கிரப் பட்டியலில் ஆங்கில இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்த்து எஃப்10 விசையால் தொடங்கலாம். இது திரை முறைகளைக் கருனி அமைப்பதைத் தடுத்து, எளிய காட்சியைத் தரும். இது இயக்கியைச் சரிசெய்யும் வரை உள்ளே செல்ல உதவும் வழி மட்டுமே. நிரந்தரமாக வைத்துக்கொண்டால் கணினி மந்தமாகும்.

உள்ளே சென்றபின், ஜர்னல்சிடிஎல் கட்டளையால் முந்தைய தொடக்கத்தின் பதிவைப் படித்து, என்விடியா, நூவோ, ரேடியான், ஐ915 ஆகிய பெயர்களில் எது பிழை வரிகளில் வருகிறது என்று பார்க்க வேண்டும். ஐ915 என்பது இன்டெல் வரைகலைக்கான கருனி இயக்கி. நூவோ என்பது என்விடியா சில்லுகளுக்கான திறந்தமூல இயக்கி.

என்விடியா சில்லானால் கிளை எண் முக்கியம். ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசைகளுக்கு 340 கிளையும், ஃபெர்மி வகைக்கு 390 கிளையும், கெப்ளர் வகைக்கு 470 கிளையும் உரியவை. 340 கிளையின் கடைசி வெளியீடு 2019 டிசம்பரில் வந்தது. 390 கிளைக்கான ஆதரவு 2022 இறுதியுடன் முடிந்தது. ஆகவே இச்சில்லுகளுக்கு ‘மிகப் புதிய இயக்கி’யை நிறுவ முயல்வதே செயலிழப்பை வரவழைக்கும். தனியுரிம இயக்கியை முழுதும் நீக்கி நூவோவுக்கு மாறுவது, வேகம் குறைந்தாலும், பல வேளைகளில் நிலையான தீர்வாகும். தொகுபட்ட கூறும் ஏற்றப்படாவிட்டால், பயாசில் செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ளதா எனப் பார்க்கவும். கையொப்பமிடாத கூறுகளை அது தடுக்கும்.

தவிர்க்க வேண்டியவை

ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தால் எது பயன்தந்தது என்பது தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி, ஒருநாள் பயன்படுத்திய பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இயக்கிகளைத் தானாகப் புதுப்பித்துத் தருவதாகக் கூறும் அறிமுகமற்ற மென்பொருள்களை நிறுவக்கூடாது. விண்டோசின் 2 நொடி வரம்பைப் பதிவகத்தில் நீட்டிப்பது அறிகுறியைத் தள்ளிப்போடுமே அன்றிக் காரணத்தை நீக்காது. வரைகலைச் சிக்கலுக்காகப் பயாசைப் புதுப்பிப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும். அது பாதியில் தடைபட்டால் கணினியே தொடங்காமல் போகலாம்.

பழைய பதிப்பும் பாதுகாப்பும்

பழைய இயக்கு தளத்துக்குத் திரும்புவது செயலிழப்பை நிறுத்தினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத அமைப்பில் வங்கிப் பணிகளைச் செய்வது இடர் மிக்கது. அத்தகைய கணினியில், இயக்கிகளைக் கருனியுடனேயே கொண்டுள்ள இலகுவான லினக்ஸ் வழங்கல் பொருத்தமான மாற்றாகும். குறிப்பாக இன்டெல் வரைகலை மட்டும் உள்ள கணினிகளில் தனியாக எந்த இயக்கியையும் நிறுவத் தேவையில்லை.

எந்த மேம்படுத்தலுக்கும் முன்னர் மூன்றைச் செய்து வைப்பது பயன்தரும்: வரைகலைச் சில்லின் சரியான பெயரை எழுதிக்கொள்வது, தற்போது நன்கு ஓடும் இயக்கியின் பதிப்பு எண்ணைக் குறித்து அதன் நிறுவல் கோப்பை வெளிவட்டில் சேமிப்பது, கோப்புகளைப் படியெடுப்பது. இம்மூன்றும் கையில் இருந்தால், மேம்படுத்தலுக்குப் பின் திரை கறுத்தாலும் முந்தைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும்.