குளம் வற்றினால் யானைக்குக் கொண்டாட்டம்

போன மாதம் ஒரு சுட்டிப் பெண் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "மாமா, வெயில் காலத்தில் குளமெல்லாம் வற்றிவிடுமே, யானைகள் பாவம்தானே?"

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்! அவளுக்கு நான் ஒரு மாம்பழம் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவள் கேள்விக்குப் பதில் கொஞ்சம் வேடிக்கையானது. அதைச் சொல்ல, உங்களை இலங்கைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஜீப்பில் ஏறிவிட்டீர்களா? கையை வெளியே நீட்டக்கூடாது, சொல்லிவிட்டேன்.

ஹபரணையிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் வழியில் இருக்கிறது மின்னேரியா. அங்கே ஒரு குளம். குளம் என்றதும் ஊர்க்கோயில் குளத்தை நினைக்காதீர்கள். கரையில் நின்றால் கடல் மாதிரி அலையடிக்கும். மகாசேனன் என்ற அரசன் கட்டியது. வயது சுமார் 1,700! ஆமாம், மனிதர்கள் கட்டிய குளம்தான். சுற்றியுள்ள காட்டையும் சேர்த்து 1997-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அந்தப் பக்கம் மழை அரிதாகத்தான் பெய்யும். காட்டுக்குள் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகிவிடும். அப்போது பள்ளிக்கூட மணி அடித்தமாதிரி ஒன்று நடக்கும். பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு யானை வெளியே வரும். அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு குடும்பம். பெரியம்மா, சித்தி, அக்கா, குட்டி எல்லாரும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நூறாகும். நல்ல வருஷத்தில் இருநூறு, முந்நூறுகூட ஆகும்!

எதற்கு வருகின்றன? கொஞ்சம் யோசியுங்கள். அவசரமில்லை.

தண்ணீர் குடிக்கத்தானே என்கிறீர்களா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். குடிக்கும், குளிக்கும், சேற்றைப் பூசிக்கொள்ளும். ஆனால் முக்கியமான காரணம் வேறு. புல்!

வற்றும் குளத்தில் புல் எங்கிருந்து வந்தது? அம்மாவிடம் கேட்டு ஒரு செம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டும் வாங்கி வாருங்கள். தட்டை லேசாகச் சாய்த்துவைத்து, அதிலும் செம்பிலும் தண்ணீர் ஊற்றுங்கள். இப்போது இரண்டிலிருந்தும் இரண்டு கரண்டித் தண்ணீரை எடுத்துவிடுங்கள். செம்பில் பெரிய மாற்றம் தெரியாது. தட்டில்? தண்ணீர் சரசரவென்று உள்ளே போய், பின்னால் பெரிய இடம் காலியாகிவிடும்.

மின்னேரியாக் குளம் செம்பு இல்லை, தட்டு. அதன் தரை மெல்லச் சரிந்து போகிறது. தண்ணீர் கொஞ்சம் இறங்கினால் போதும், ஏக்கர் ஏக்கராக ஈர வண்டல் வெளியே வந்துவிடும். அந்த ஈரத்தில் பச்சைப் பசேலென்று இளம்புல் முளைக்கும். சுற்றிலும் வைக்கோல், நடுவில் பச்சைக் கம்பளம். யானைக்கு வேறு அழைப்பிதழ் வேண்டுமா?

புரிகிறதா கண்ணுகளா? இன்னொன்றும் கேளுங்கள். தண்ணீரை இறக்குவது வெயில் மட்டும் இல்லை. வெயில் காலத்தில் விளையும் சிறுபோக நெல்லுக்காக மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். மனிதர்களுக்குச் சோறு போடப் போன தண்ணீர், போகிற போக்கில் யானைக்கும் இலை போட்டுவிட்டுப் போகிறது. எனக்கு இதில்தான் பெரிய ஆச்சரியம்.

அந்தப் புல் குட்டையானது. தும்பிக்கையால் சுற்றிப் பிடிக்க முடியாது. யானை என்ன செய்யும் தெரியுமா? நான் ஒரு பெரிய பெண் யானையையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னங்காலின் நகத்தால் 'சரக், சரக்' என்று தரையை உதைக்கிறது. புல் வேரோடு பெயர்கிறது. அதைத் தும்பிக்கையால் பெருக்கிக் குவிக்கிறது. ஒரு பிடி சேர்ந்ததும் உடனே தின்பதில்லை. முழங்காலில் 'பட், பட்' என்று அடித்து மண்ணை உதறுகிறது. அப்புறம்தான் வாய்க்குள். கீழே விழுந்த மாம்பழத்தைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கடிப்பீர்களே, அதே மாதிரி!

ஒரு பெரிய யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தின்னும். அதாவது மூன்று அரிசி மூட்டை எடை. பிடிபிடியாகச் சேர்த்து அவ்வளவு தின்ன எத்தனை முறை உதைக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு கவலை. மின்னேரியாவுக்குத் தண்ணீர் தருவது அம்பன் கங்கை ஆறு. அதே ஆற்றில் மேலே மொரகஹகந்த என்ற பெரிய நீர்த்தேக்கம் கட்டினார்கள். விவசாயிகளுக்கு அது தேவைதான். ஆனால் அதற்குப் பிறகு சில வருஷங்கள் வறண்ட காலத்திலும் அங்கிருந்து தண்ணீர் விட்டதால் குளம் நிரம்பி நின்றது. பச்சைக் கம்பளம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. யானைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. பசித்த யானை பிறகு எங்கே போகும்? யாரோ பாடுபட்டு விளைவித்த வயலுக்குத்தான். குளம் நிரம்பினால் எல்லாருக்கும் நல்லது என்றுதானே நினைப்போம்? இங்கே குளத்துக்குத் தண்ணீர் விடுவதற்கு மட்டுமல்ல, விடாமல் இருப்பதற்கும் ஒரு காலம் இருக்கிறது. இதைச் சொல்லி யானை ஆராய்ச்சியாளர்கள் மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை நம்மைப் போன்ற பார்வையாளர்கள். நான் போன அன்று ஒரு ஜீப், படம் எடுக்க வசதியாக, தாய்க்கும் குட்டிக்கும் நடுவிலேயே புகுந்துவிட்டது. பெரியம்மா யானை தலையைத் தூக்கி, காதுகளை விசிறிபோல் விரித்து, காலடி மண்ணை வாரி வீசியது. 'தள்ளிப் போ' என்று யானை பாஷையில் அதற்கு அர்த்தம். எங்கள் ஓட்டுநர் ஒரு அருமையான வேலை செய்தார். தூரத்திலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டார். எங்களைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். ஐந்து நிமிஷம்தான் இருக்கும். அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது: 'சரக், சரக்', 'பட், பட்'. நூறு யானைகள் சாப்பிடும் சத்தம்!

எங்களை மறந்துவிட்டு ஒரு குட்டி பக்கத்தில் வந்தது. அம்மாவைப் பார்த்து அதுவும் தரையை உதைத்தது. புல் வரவில்லை. இன்னொரு உதை. வரவில்லை. சட்டென்று அம்மாவின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டு, அங்கிருந்தே கொஞ்சம் புல்லை இழுத்துக்கொண்டது. முழங்காலில் அடித்து உதறியும் பார்த்தது. கிடைத்த நாலு புல்லும் கீழே விழுந்துவிட்டன.

மறுபடியும் அம்மாவின் வாய்க்குள் தும்பிக்கை.